உளவியலாளரைத் தேடுவதும் காப்பீடு செல்லுமா என்று உறுதிசெய்வதும்: முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

"நாங்கள் காப்பீட்டை ஏற்றுக்கொள்கிறோம்" என்று ஓர் உளவியலாளரின் அலுவலகத்தில் சொல்லப்படும் வாக்கியத்துக்குக் குறைந்தது மூன்று பொருள்கள் உண்டு. உங்களுடைய திட்டத்தோடு அவர் ஒப்பந்தம் செய்திருக்கிறார், எனவே உங்கள் பங்கை மட்டும் கட்டினால் போதும் என்பது முதற்பொருள். ஒப்பந்தம் ஏதும் இல்லை, முழுக் கட்டணத்தையும் நீங்களே கட்டிவிட்டுப் பின்னர் நிறுவனத்திடம் கேட்டுப் பெறுவதற்கு வேண்டிய ரசீதை அவர் தருவார் என்பது இரண்டாவது. அந்த நிறுவனத்தின் ஏதோ ஒரு திட்டத்தை அவர் ஏற்கிறார், உங்கள் திட்டம் அதில் அடங்குமா என்று இதுவரை எவரும் பார்க்கவில்லை என்பது மூன்றாவது. நான் முதன்முறை சென்றபோது, மூன்றாம் பொருளில் சொல்லப்பட்டதை முதற்பொருளில் எடுத்துக்கொண்டேன். நான்கு அமர்வுகள் முடிந்த பின் வந்த பில்தான் வேறுபாட்டை விளக்கியது. எவரும் பொய் சொல்லவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே இக்கட்டுரை இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு செல்கிறது. இவர் தகுதியும் உரிமமும் உள்ளவரா என்பதற்கான விடை, அரசோ தொழில்முறை மன்றமோ பராமரிக்கும் பதிவேட்டில் இருக்கிறது. என் காப்பீடு இவரிடம் செல்லுமா என்பதற்கான விடை காப்பீட்டு நிறுவனத்திடம் இருக்கிறது. உளவியலாளரின் அலுவலகம் இரண்டுக்குமே விடை சொல்லும். அதைக் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் அதை மட்டும் நம்பிப் பணத்தை இறக்கக் கூடாது.

தொடங்கும் முன் ஒன்று. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உங்களுக்கோ உங்களைச் சேர்ந்தவருக்கோ இப்போது இருக்குமானால், கீழே சொல்லப்படும் வரிசை எதுவும் உங்களுக்கானதன்று. காப்பீட்டைப் பற்றி எண்ணாமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள், அல்லது உதவி எண்ணை அழையுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் சேவையின் 14416, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988, பிரிட்டனில் 116 123, ஆஸ்திரேலியாவில் 13 11 14, சிங்கப்பூரில் 1767, இலங்கையில் 1926 ஆகியவை அத்தகைய எண்கள்.

யாரிடம் போக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

மனநல மருத்துவர், உளவியலாளர், ஆலோசகர் என்ற மூன்று சொற்களையும் நாம் பேச்சில் ஒன்றுக்கு ஒன்றாகப் புழங்கிவிடுகிறோம். காப்பீட்டு நிறுவனங்கள் அப்படிச் செய்வதில்லை. மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர். மருந்து எழுதித் தருபவர். உளவியலாளர் உளவியலில் உயர்கல்வியும் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியும் பெற்றவர். பேச்சுவழிச் சிகிச்சையும் உளவியல் சோதனைகளும் அவருடைய துறை. பெரும்பாலான இடங்களில் அவர் மருந்து எழுதுவதில்லை. ஆலோசகர், சமூகப் பணியாளர், குடும்பச் சிகிச்சையாளர் என்போர் வேறு பயிற்சியும் வேறு உரிமமும் உடையவர்கள். அவர்களிலும் மிகத் திறமையானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் திட்டத்தில் "உளவியலாளர்" என்று மட்டும் எழுதியிருந்தால், ஆலோசகர் தரும் ரசீது திரும்பி வந்துவிடலாம். கனடாவில் வேலையிடத்துக் காப்பீடு வைத்திருப்போர் அடிக்கடி இடறும் இடம் இது: சில திட்டங்கள் உளவியலாளர், சமூகப் பணியாளர், உளச்சிகிச்சையாளர் மூவரையும் ஏற்கின்றன, சில ஒருவரை மட்டுமே ஏற்கின்றன. உளவியலாளர் ஒருவரின் மேற்பார்வையில் பணியாற்றும் பயிற்சியாளரைப் பார்ப்பதாக இருந்தால், ரசீது யார் பெயரில் வரும் என்பதையும் நிறுவனம் அதை ஏற்குமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கும்.

எதற்காகப் போகிறீர்கள் என்பதை ஒன்றிரண்டு வாக்கியங்களில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. தூக்கமின்மை, பதற்றம், இழப்பின் துயரம், குழந்தையின் கவனக்குறைவு பற்றிய ஐயம், திருமண உறவில் சிக்கல் என்று எதுவாகவும் இருக்கலாம். இது உளவியலாளரைத் தேர்ந்தெடுக்க மட்டுமன்று, காப்பீட்டுக்கும் தேவைப்படுகிறது. தனிநபர் சிகிச்சை, இணையர் சிகிச்சை, உளவியல் சோதனை ஆகிய மூன்றையும் நிறுவனங்கள் வெவ்வேறாக நடத்துகின்றன. இணையர் சிகிச்சைக்குப் பல திட்டங்கள் பணம் தருவதில்லை. சோதனைக்குத் தருவதாக இருந்தாலும் முன் அனுமதி கேட்பது வழக்கம்.

உரிமத்தைப் பதிவேட்டில் பாருங்கள்

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள் எத்தனை இருந்தாலும், பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடத்துக்குமேல் ஆகாது. நாட்டுக்கு நாடு அந்தப் பதிவேடு வேறுபடும்.

இந்தியாவில் மருத்துவ உளவியலாளர்கள், 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் மையப் பதிவேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவெண்ணைக் கேட்டால் எந்த நேர்மையான மருத்துவ உளவியலாளரும் தயங்காமல் தருவார். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி உரிம வாரியம் உண்டு. அதன் இணையதளத்தில் பெயரைக் கொடுத்தால் உரிமம் நடப்பில் உள்ளதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பது தெரியும். கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் ஓர் ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது; பல இடங்களில் அதைக் கல்லூரி என்றே அழைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில், சுகாதாரத் தொழில் செய்வோரை ஒழுங்குபடுத்தும், ஆஃப்ரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமைப்பின் பதிவேட்டில் தேட வேண்டும்.

பிரிட்டனைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே ஒரு பொறி இருக்கிறது. "உளவியலாளர்" என்ற வெறும் சொல்லுக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு இல்லை. எவர் வேண்டுமானாலும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். மருத்துவ உளவியலாளர், ஆலோசனை உளவியலாளர், கல்வி உளவியலாளர் முதலிய அடைமொழியோடு கூடிய பட்டங்களே பாதுகாக்கப்பட்டவை. அவற்றை 2009 முதல் எச்.சி.பி.சி. என்னும் மன்றம் ஒழுங்குபடுத்துகிறது. ஆகவே பெயர்ப்பலகையில் அடைமொழி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அம்மன்றத்தின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இணையவழிச் சிகிச்சையில் இன்னொரு விதி சேர்ந்துகொள்கிறது. அமெரிக்கா போன்ற இடங்களில், அமர்வு நடக்கும் நேரத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் மாநிலத்தில் சிகிச்சை தரும் அனுமதி அவருக்கு இருக்க வேண்டும். அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும் போதாது. பல மாநிலங்கள் சேர்ந்துள்ள சைபேக்ட் என்னும் உடன்பாட்டின்படி சில உளவியலாளர்கள் மாநில எல்லையைத் தாண்டிப் பார்க்கலாம். தாய்மொழியில் பேசும் உளவியலாளரை வேறு ஊரில் தேடுவோருக்கு இது பெரிய வாசல்; ஆனால் எல்லோருக்கும் அந்த அனுமதி இருப்பதில்லை என்பதால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர்களைத் திரட்டுவது

காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள பட்டியலிலிருந்து தொடங்குவதே முறை. ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே நம்புவது முறையன்று. 2023-ஆம் ஆண்டில் அமெரிக்க செனட்டின் நிதிக் குழுவின் ஊழியர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 6 மாநிலங்களில், முதியோருக்கான அரசுக் காப்பீட்டைத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் என்ற வகையைச் சேர்ந்த 12 திட்டங்களின் பட்டியல்களிலிருந்து 120 மனநலச் சேவையாளர்களை அழைத்து, ஒரு முதியவருக்காகச் சந்திப்பு நேரம் கேட்டார்கள். 18 விழுக்காட்டு அழைப்புகளில்தான் நேரம் கிடைத்தது. மற்றவை தவறான எண்களாகவும், பதில் வராதவையாகவும், புதியவர்களை எடுக்காதவையாகவும், நெட்வொர்க்கிலேயே, அதாவது நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தவர்களின் வட்டத்திலேயே, இல்லாதவையாகவும் இருந்தன. பெயர் இருந்தும் ஆள் கிடைக்காத இத்தகைய பட்டியலை அங்கே பேய் நெட்வொர்க் என்றே அழைக்கிறார்கள். முதல் நான்கு அழைப்புகளில் தோற்றுவிட்டு, தமக்கு விதித்தது இவ்வளவுதான் என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். மனம் சோர்ந்திருக்கும்போது தொலைபேசியை எடுப்பதே பெரும்பாடு. கோளாறு பட்டியலில் இருக்கிறது என்பதை முன்னரே அறிந்திருந்தால் ஏமாற்றம் அவ்வளவு குத்தாது. முடிந்தால் இந்த அழைப்புகளை வீட்டில் உள்ள ஒருவரையோ நண்பரையோ செய்யச் சொல்லுங்கள். சந்திப்பு நேரம் கேட்க உங்கள் குரல்தான் வேண்டும் என்பதில்லை.

பட்டியலில் உள்ள பக்கத்தை, தேதி தெரியும்படி, படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இது வீண் வேலையன்று. 2022-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்று, பெரும்பாலான தனியார் திட்டங்கள் தம் பட்டியலை 90 நாளுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்கிறது. பட்டியல் தவறாகச் சொன்னதை நம்பி நீங்கள் சென்றிருந்தால், நெட்வொர்க்கில் உள்ளவருக்குக் கட்ட வேண்டிய பங்கை மட்டுமே உங்களிடம் வாங்கலாம் என்றும் சொல்கிறது. அந்தப் படம் இல்லாமல் இதை நிறுவுவது கடினம்.

பட்டியலுக்கு வெளியேயும் வழிகள் உண்டு. உங்கள் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள். சில நாடுகளில் அவருடைய பரிந்துரைக் கடிதம் இல்லாமல் காப்பீடே செல்லாது. வேலை செய்யும் நிறுவனம் ஊழியர் உதவித் திட்டம் வைத்திருந்தால், சில அமர்வுகள் கட்டணமின்றிக் கிடைக்கும். அவை முடிந்த பிறகு அதே உளவியலாளரிடம் காப்பீட்டின்மூலம் தொடர முடியுமா என்பதை முதல் நாளிலேயே கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நான்காம் அமர்வில் மனம் திறக்கத் தொடங்கும் வேளையில் ஆளை மாற்ற நேரும். உளவியல் கற்பிக்கும் பல்கலைக்கழகங்களின் பயிற்சி மையங்களில் குறைந்த கட்டணத்தில், மேற்பார்வையுடன் சிகிச்சை தருகிறார்கள். இங்கிலாந்தில் வாழ்வோர் தேசிய சுகாதார சேவையின் பேச்சுச் சிகிச்சைப் பிரிவில் மருத்துவரின் கடிதம் இல்லாமலே தாமாகப் பதிவு செய்யலாம்.

ஒருவரைக் கேட்டு, பதில் வந்த பின் அடுத்தவரைக் கேட்பது என்று வைத்துக்கொண்டால் மாதங்கள் போய்விடும். ஐந்தாறு பேருக்கு ஒரே நாளில் எழுதுங்கள். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை: "பதற்றத்துக்காகத் தனிநபர் சிகிச்சை தேடுகிறேன். என்னுடைய காப்பீடு இந்த நிறுவனத்தின் இந்தத் திட்டம். புதியவர்களை எடுத்துக்கொள்கிறீர்களா? வேலை நாள்களில் மாலை ஐந்து மணிக்குப் பின் நேரம் உண்டா?" அந்தரங்கமான விவரங்களை இந்த முதற்கடிதத்தில் எழுத வேண்டாம், அதைப் படிப்பவர் பெரும்பாலும் அலுவலக உதவியாளராக இருப்பார்.

காப்பீட்டு நிறுவனத்துடன் பேசுவது

இரண்டு மூன்று பெயர்கள் கையில் வந்த பிறகுதான் இந்த அழைப்பு. பெயர் இல்லாமல் அழைத்தால் "உங்கள் திட்டத்தில் மனநலச் சிகிச்சை உண்டு" என்ற பொதுவான பதில் மட்டுமே வரும். அது எதற்கும் உதவாது.

அழைக்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை: காப்பீட்டு அட்டை, அதில் உள்ள உறுப்பினர் எண், திட்டத்தின் முழுப்பெயர், உளவியலாளரின் முழுப்பெயர், அவர் உங்களைப் பார்க்கப்போகும் இடத்தின் முகவரி. அமெரிக்காவாக இருந்தால், மருத்துவச் சேவையாளர் என்ற முறையில் அவருக்குத் தரப்பட்டுள்ள பத்து இலக்கத் தேசிய அடையாள எண்ணையும் மையத்தின் வரி எண்ணையும் அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் மனிதரோடு மட்டுமன்றி மையத்தோடும் பிணைந்தது. ஒரே உளவியலாளர் திங்கள்கிழமை பணியாற்றும் மையத்தில் நெட்வொர்க்கிலும், வியாழக்கிழமை பணியாற்றும் மையத்தில் நெட்வொர்க்குக்கு வெளியேயும் இருக்க முடியும். முகவரியைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அட்டையின் பின்புறத்தையும் பாருங்கள். மனநலத்துக்கென்று தனித் தொலைபேசி எண் இருந்தால் அதையே அழைக்க வேண்டும், ஏனெனில் உடல்நலப் பகுதியை ஒரு நிறுவனமும் மனநலப் பகுதியை மற்றொன்றும் நடத்தும் திட்டங்கள் உள்ளன.

கேட்கும் முறையைப் பற்றி என் கருத்து இது: "காப்பீடு செல்லுமா?" என்று கேட்காதீர்கள். அதற்கு "ஆம்" என்ற பதில் எளிதில் வந்துவிடும், அந்த "ஆம்" எதைக் குறிக்கிறது என்பது இரு பக்கத்திலும் தெரியாமல் போகும். இப்படிக் கேளுங்கள்:

"இந்தப் பெயருடைய உளவியலாளர், இந்த முகவரியில், என்னுடைய இந்தத் திட்டத்தின் நெட்வொர்க்கில் இன்றைய தேதியில் இருக்கிறாரா? வெளிநோயாளியாகத் தனிநபர் உளச்சிகிச்சைக்கு ஒரு தடவைக்கு நான் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு? அதற்கு முன் நானே செலவழித்து முடிக்க வேண்டிய தொகை ஏதும் உண்டா, அதில் இந்த ஆண்டு எவ்வளவு மீதி இருக்கிறது? மருத்துவரின் பரிந்துரையோ முன் அனுமதியோ வேண்டுமா? ஆண்டுக்கு இத்தனை அமர்வுகள்தான் என்ற வரம்பு உண்டா? இணையவழி அமர்வுக்கும் இதே விதிதானா?"

அமெரிக்காவில் சேவைகளுக்கு எண்கள் உண்டு. அவற்றைச் சொல்லிக் கேட்டால் மழுப்பலான பதிலுக்கு இடம் குறையும். முதற்சந்திப்பின் மதிப்பீட்டுக்கு 90791. தொடர்ந்து வரும் 45 நிமிட அமர்வுக்கு 90834, 60 நிமிட அமர்வுக்கு 90837. ஒவ்வொன்றுக்கும் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்பது தகும்.

பேசி முடிக்கும்போது எதிர்முனையில் இருப்பவர், "இத்தகவல் பணம் வழங்குவதற்கான உத்தரவாதமன்று" என்று ஒரு வாக்கியத்தைப் படிப்பார். அதனால்தான் அழைப்பின் குறிப்பெண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். தேதி, நேரம், பேசியவரின் பெயர், குறிப்பெண் ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதுங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் செய்தி அனுப்பும் வசதி இருந்தால் அதே கேள்விகளை எழுத்திலும் அனுப்பிப் பதிலைப் பாதுகாத்து வையுங்கள். பின்னாளில் வழக்காடும்போது, எழுத்தில் வந்த ஒரு வரி பத்துத் தொலைபேசி அழைப்புகளைவிட வலிமையானது.

நாட்டுக்கு நாடு மாறும் விதிகள்

மேலே சொன்ன நெட்வொர்க் கணக்கு அமெரிக்காவில் முழுமையாகவும் மற்ற இடங்களில் ஓரளவுக்கும் பொருந்தும். இந்தியாவில் கேட்க வேண்டிய முதற்கேள்வி வேறு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதன் 21-ஆவது பிரிவு சொல்கிறது. இதைக் கேட்டு, உளவியலாளரிடம் வாரந்தோறும் போகும் செலவு கிடைத்துவிடும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். "அதே அடிப்படையில்" என்பதுதான் சூட்சுமம். பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்து படுக்கும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்த்துவிட்டு வருவதற்கு எப்படித் தருவதில்லையோ, அப்படியே உளவியலாளரின் அமர்வுக்கும் தருவதில்லை. ஆகவே பாலிசியில் புறநோயாளிப் பிரிவு, அதாவது ஓ.பி.டி. காப்பு, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதில் உளவியலாளரின் ஆலோசனை அடங்குமா அல்லது மனநல மருத்துவரின் ஆலோசனை மட்டுமா, ஆண்டு வரம்பு எவ்வளவு, நிறுவனத்தின் செயலி வழியாகத்தான் பதிவு செய்ய வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். புதிதாகப் பாலிசி எடுப்பவர் முன்பே மனநலச் சிகிச்சை பெற்றிருந்தால் அதை மறைக்கக் கூடாது. முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களைத் தாண்டக் கூடாது என்று 2024-இல் விதி திருத்தப்பட்டிருக்கிறது, ஆனால் மறைத்தது தெரியவந்தால் கிளைம் முழுவதுமே ஆபத்துக்கு உள்ளாகும்.

ஆஸ்திரேலியாவில் பொது மருத்துவர் மனநலச் சிகிச்சைத் திட்டம் ஒன்றை எழுதித் தந்தால், ஒரு நாட்காட்டி ஆண்டில் 10 தனிநபர் அமர்வுகளுக்கு, அந்நாட்டு அரசின் பொதுக் காப்பீடாகிய மெடிகேர் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. ஒரே அமர்வுக்கு மெடிகேரிடமும் தனியார் காப்பீட்டிடமும் சேர்த்துக் கேட்க முடியாது. பிரிட்டனில் தனியார் காப்பீடு வைத்திருப்போர், முதல் அமர்வுக்கு முன்பே நிறுவனத்தை அழைத்து அனுமதி எண் பெறுவதும், அந்த உளவியலாளரை நிறுவனம் அங்கீகரித்திருக்கிறதா என்று கேட்பதும் வழக்கம். கனடாவில் தனியாகத் தொழில் நடத்தும் உளவியலாளரின் கட்டணத்தை மாகாண அரசுகளின் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. வேலையிடத்துக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு தொகை வரை தரும், அந்தத் தொகை சில அமர்வுகளிலேயே தீர்ந்துபோவதும் உண்டு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

நெட்வொர்க்குக்கு வெளியே உள்ளவரிடம் போனால் "60 விழுக்காடு திருப்பித் தருவோம்" என்று நிறுவனம் சொல்லும். எதில் 60 விழுக்காடு என்பதுதான் கேள்வி. உளவியலாளரின் கட்டணம் 200 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் அச்சேவைக்குத் தானே ஒரு தொகையை வைத்திருக்கும். அது 120 என்றால், 120-இல் 60 விழுக்காடாகிய 72 மட்டுமே உங்களுக்கு வரும். மீதி 128 உங்கள் கைப்பணம். 200-இல் 60 விழுக்காடு என்று கணக்கிட்டு 80 மட்டும் செலவாகும் என எதிர்பார்த்தவருக்கு ஒவ்வொரு வாரமும் 48 துண்டு விழும். ஆண்டின் தொடக்கத்தில் நீங்களே செலவழித்து முடிக்க வேண்டிய தொகை, அதாவது டிடக்டிபிள், பாக்கி இருந்தால் அந்த 72-உம் வராது. அப்போதும் பொதுவாக 120 மட்டுமே அக்கணக்கில் வரவாகும், 200 அன்று. இந்த "ஏற்கப்படும் தொகை" எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்கலாம். சில நிறுவனங்கள் சொல்லத் தயங்கும். சேவை எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் கொடுத்து விடாமல் கேட்டால் சொல்லிவிடுவதுண்டு.

நெட்வொர்க்கில் உள்ளவர், நிறுவனத்தோடு ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் உங்களிடம் வாங்க முடியாது என்பதே ஒப்பந்தத்தின் பயன். வராமல் போன அமர்வுக்கான கட்டணம் மட்டும் விதிவிலக்கு. அதைக் காப்பீடு பொதுவாகத் தராது. எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்ய வேண்டும் என்பதைக் கையெழுத்திடும் தாளில் தேடிப் படியுங்கள்.

உளவியலாளரிடம் நேரில் கேட்க வேண்டியவை

பலர் முதற்சந்திப்புக்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் தொலைபேசியில் பேச இசைவார்கள். அந்த நேரத்தில் உங்கள் கதையைச் சொல்லத் தொடங்காதீர்கள். உங்களுடையது போன்ற சிக்கலுடன் வருபவர்களை அவர் எவ்வளவு பார்த்திருக்கிறார், எந்தச் சிகிச்சை முறையில் பயிற்சி பெற்றவர், முன்னேற்றத்தை எப்படி அளப்பார், சந்திப்புகளுக்கு இடையில் நெருக்கடி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். பணத்தைப் பற்றிக் கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். கிளைமை அவர் அலுவலகமே அனுப்புமா அல்லது நீங்கள் அனுப்ப வேண்டுமா, நீங்கள் அனுப்புவதாக இருந்தால் சேவை எண், நோய்க்குறி எண், உரிம எண் எல்லாம் அடங்கிய ரசீது கிடைக்குமா என்பவை அவர் தினமும் கேட்கும் கேள்விகள்தாம். கூச்சம் நம் பக்கத்தில் மட்டுமே இருக்கிறது.

நோய்க்குறி எண் என்று மேலே சொன்னது பலருக்கும் புதிதாக இருக்கும். காப்பீடு பணம் தர வேண்டுமானால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டை ஒட்டிய ஓர் எண்ணை உளவியலாளர் உங்கள் பெயருக்கு எதிரே எழுத வேண்டியிருக்கும். "வாழ்க்கையில் சற்றுக் குழப்பம்" என்பதற்குப் பணம் வராது. அந்த எண் நிறுவனத்தின் ஆவணங்களில் தங்கிவிடும். இதனாலேயே சிலர் வசதி இருந்தால் காப்பீட்டைத் தொடாமல் கைப்பணத்தில் செல்கிறார்கள். அதுவும் நியாயமான தேர்வே. எந்த நோய்க்குறியை எழுதப் போகிறீர்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கணவர், மனைவி அல்லது பெற்றோரின் பெயரில் உள்ள திட்டத்தில் சேர்ந்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கிளைமுக்குப் பின்பும் நிறுவனம் ஒரு விளக்கத் தாள் அனுப்பும். அது பெரும்பாலும் திட்டத்தின் முதன்மை உறுப்பினரின் முகவரிக்கே போகும். வீட்டில் தெரியக் கூடாது என்று எண்ணுபவருக்கு அந்தக் கடிதம் இடியாக விழும். அமெரிக்காவில், தகவல்களை வேறு முகவரிக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்பும்படி நிறுவனத்திடம் எழுத்தில் கோரலாம். முதல் அமர்வுக்கு முன்பே கோர வேண்டும்; கடிதம் வந்த பின் கோரிப் பயனில்லை.

ஆள் கிடைக்காதபோதும் பணம் மறுக்கப்படும்போதும்

பட்டியலில் உள்ளவர்களில் எவரும் புதியவர்களை எடுக்கவில்லை, அல்லது உங்கள் மொழி பேசுபவர் ஒருவரும் இல்லை என்றால், நிறுவனத்திடமே அதைச் சொல்லுங்கள். யாரை எந்தத் தேதியில் அழைத்தீர்கள், என்ன பதில் வந்தது என்ற பட்டியலோடு, வெளியில் உள்ள ஒருவரை நெட்வொர்க்கில் உள்ளவர் போலவே கருதி அனுமதிக்கும்படி கேட்கலாம். தனிநேர்வு ஒப்பந்தம் என்று இதற்குப் பெயர். எல்லா முறையும் கிடைத்துவிடாது. ஆனால் கேட்காதவருக்கு ஒருபோதும் கிடைப்பதில்லை. முன்பு எடுத்து வைத்த படங்களும் குறிப்பெண்களும் இங்கேதான் கைகொடுக்கும்.

கிளைம் மறுக்கப்பட்டால் முதலில் காரணத்தைப் படியுங்கள். எழுத்துப்பிழை, எண் பிழை போன்ற அற்பக் காரணமாகவும் இருக்கலாம், ஆனால் அப்படி நம்பி அலட்சியமாக இருக்கக் கூடாது. மேல்முறையீட்டுக்கு நாள் கணக்கு உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலான தனியார் திட்டங்களில், மறுப்புக் கடிதம் கிடைத்ததிலிருந்து 180 நாள்களுக்குள் நிறுவனத்திடமே முறையிட வேண்டும். அதிலும் தோற்றால் வெளியார் மறுஆய்வு கோரலாம். மனநலத்துக்கு உடல்நலத்தைவிடக் கடுமையான வரம்புகளை வைக்கக் கூடாது என்னும் 2008-ஆம் ஆண்டுச் சமநிலைச் சட்டத்தை அம்முறையீட்டில் சுட்டிக்காட்டலாம். இந்தியாவில் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும், தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கும் எழுத வேண்டும். சிகிச்சை ஏன் தேவை என்று உளவியலாளர் எழுதித் தரும் ஒரு பக்கக் கடிதத்தை இணைப்பது முறையீட்டுக்கு வலுச் சேர்க்கும்.

திட்டம் புதுப்பிக்கப்படும் ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தொலைபேசி அழைப்பை மறுபடி செய்யுங்கள். உளவியலாளர் ஒப்பந்தத்திலிருந்து விலகியிருக்கலாம், நீங்கள் வேலை செய்யும் நிறுவனம் வேறு காப்பீட்டாளருக்கு மாறியிருக்கலாம், டிடக்டிபிள் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும். சென்ற ஆண்டின் தாளை எடுத்து, அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டு, புதிய தேதியையும் புதிய குறிப்பெண்ணையும் அதன் கீழேயே எழுதி வைத்துக்கொண்டால் போதும்.